மருத்துவரிடம் மனந்திறந்து பேசுவோம்

(தோட்ட மண்டபம் ஒன்றில் நடைபெற்ற மாலைக் கூட்டத்தில் தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



இருள் பிரியும் முன்பே பெரட்டுக்குச் சென்று, நிரை பிடித்து மரம் வெட்டி, பாலெடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு, உடல் அலுப்பையும் பொருட்படுத்தாது இம்மண்டபத்தில் கூடியிருக்கின்றீர்கள். ஆகையால் நேரே பொருளுக்கு வருகின்றேன். நாம் நோயுற்றுப் பட்டணத்துக் கிளினிக்குக்குச் செல்லும்போது என்ன நிகழ்கின்றது? மருத்துவரின் எதிரில் அமர்ந்திருக்கும் அந்தச் சில நிமிடங்களில் நாம் எதைப் பேசுகின்றோம், எதைப் பேசாமல் விட்டுவிடுகின்றோம்? இதுவே இன்றைய பொருள்.

பணியின் நிமித்தம் பல தோட்டங்களுக்குச் சென்று வருகின்றவன் நான். கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும் வேளையில் மக்கள் என்னிடம் சொல்லும் குறைகளில் பல, கிளினிக்கைப் பற்றியவை. “மூன்று மணி நேரம் காத்திருந்தேன்; டாக்டர் மூன்று நிமிடங்கூடப் பேசவில்லை” என்பார் ஒருவர். “ஊசி போடாமலே அனுப்பிவிட்டார்கள்” என்று வருந்துவார் மற்றொருவர். “போன மாதம் பார்த்த டாக்டர் வேறு, இந்த மாதம் பார்த்த டாக்டர் வேறு” என்பார் மூன்றாமவர். “நான் சொன்னது அவருக்கு விளங்கியதோ என்னவோ” என்று ஒரு பாட்டி என்னிடம் ஐயத்துடன் கூறினார்.

இக்குறைகளில் உண்மை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கூட்டம் மிகுந்த கிளினிக்கில் மருத்துவருக்குக் கிடைக்கும் நேரம் குறைவுதான். ஆயினும் அக்குறைந்த நேரத்தை நமக்குப் பயன்படும் நேரமாக மாற்றிக்கொள்வதில் நமக்கும் பெரும் பங்கு உண்டு. அதனை எடுத்துக்காட்டவே இங்கு நிற்கின்றேன்.

பெரியவர்கள் பழைய காலத்தைச் சற்றே நினைவுகூர வேண்டுகின்றேன். அந்நாளில் தோட்டத்துக்குள்ளேயே மருந்துக் கொட்டகை இருந்தது. அங்கே டிரெஸர் ஐயா இருந்தார். தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965-ஆம் ஆண்டில் தனிச் சட்டம் ஒன்று இந்நாட்டில் இயற்றப்பட்டது என்றால், அவர்கள் ஆற்றிய பணியின் அளவை நீங்களே எண்ணிப் பார்க்கலாம். டிரெஸர் ஐயாவுக்கு நம்மை மட்டுமன்றி நம் லயத்தையே தெரியும். யார் வீட்டில் இழுப்பு நோய் உண்டு, யார் மருந்து தெளிக்கும் வேலைக்குப் போகிறவர், யார் மாலையில் கள்ளுக்கடைப் பக்கம் போகிறவர் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. நாம் வாய் திறக்காவிட்டாலும் அவரே பாதியைச் சொல்லிவிடுவார்.

காலம் மாறிவிட்டது. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் வந்தன. தோட்டத்து மருந்துக் கொட்டகைகள் பல மூடப்பட்டன. இன்று நாம் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்கோ பட்டணத்துத் தனியார் கிளினிக்குக்கோ செல்கின்றோம். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்கள் 1 வெள்ளி செலுத்தி மருத்துவரைக் காணவும் மருந்து பெறவும் முடிகின்றது. இது சிறிய வசதியன்று. அங்கே அமர்ந்திருப்பவர் ஆண்டுக்கணக்கில் பயின்று தேறிய மருத்துவர். ஆனால் அவருக்கு நம்மைத் தெரியாது. நம் லயம் தெரியாது. நம் வேலை தெரியாது. நம் வீட்டுச் சமையல் தெரியாது. டிரெஸர் ஐயா அறிந்திருந்த அனைத்தையும் இன்று நாமே எடுத்துச் சொல்லியாக வேண்டும். இந்த ஒன்றைத்தான் நம்மில் பலர் இன்னும் உணரவில்லை.

திருவள்ளுவர் தம் நூலின் 95-ஆம் அதிகாரத்துக்கு ‘மருந்து’ என்று பெயரிட்டிருக்கின்றார். அதன் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு பகுதிகளாகப் பிரிக்கின்றார். நோயாளி, மருத்துவர், மருந்து, மருந்தை உடனிருந்து கொடுப்பவர் என்பவை அந்நான்கு. நோயாளியை அவர் முதலில் வைத்திருக்கின்றார். நான்காமவரைப் பற்றிப் பின்னர் சொல்கின்றேன்; அதில் என் சொந்தக் கதை ஒன்றும் அடங்கியிருக்கின்றது.

முதலாவதாக, நம் தொழிலை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். காய்ச்சலோடு செல்லும் ஒருவர் “டெமாம்” என்று ஒரு சொல் சொல்லிவிட்டு அமர்ந்தால், மருத்துவர் சாதாரணக் காய்ச்சல் என்று எண்ண இடமுண்டு. “நான் ரப்பர் தோட்டத்தில் வேலை செய்கின்றேன், தேங்கிய நீரில் நடந்தேன், காலில் வெட்டுக்காயம் இருக்கின்றது, கெண்டைக்கால் தசை தாங்க முடியாமல் வலிக்கின்றது” என்று சொன்னால் அவருடைய சிந்தனை வேறு திசையில் செல்லும். எலியின் சிறுநீரில் இருக்கும் கிருமி, தேங்கிய நீரிலும் ஈர மண்ணிலும் கலந்து, காயத்தின் வழியாக உடலுக்குள் புகுந்து காய்ச்சலை உண்டாக்குவதுண்டு. அதனை எலிக்காய்ச்சல் என்கின்றோம். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் மருந்தினால் குணப்படுத்திவிடலாம். கவனியாமல் விட்டால் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தாக்கி உயிருக்கே உலை வைக்கும். ‘தோட்டத்தில் வேலை’ என்ற இரண்டே சொற்கள் மருத்துவருக்கு எத்துணை பெரிய துப்பு என்பதைப் பாருங்கள்!

டெங்கிக் காய்ச்சலும் அத்தகையதே. எந்நாளில் காய்ச்சல் தொடங்கியது என்பதை மருத்துவரிடம் சரியாகச் சொல்ல வேண்டும். டெங்கியில் காய்ச்சல் இறங்கும் நாள்களே பெரும்பாலும் ஆபத்தான நாள்கள். உடம்பு குளிர்ந்துவிட்டது, இனி வேலைக்குப் போகலாம் என்று எண்ணிவிடலாகாது. அவ்வேளையில் கடுமையான வயிற்றுவலி, ஓயாத வாந்தி, பல் ஈறில் இரத்தம், மிகுந்த சோர்வு ஆகியவை தோன்றினால் மறுநாள் வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். களைக்கொல்லி தெளிப்பவர்களோ, தாம் கையாளும் மருந்தின் பெயரை அறிந்து வைத்திருத்தல் நலம். கண்ணில் தெறித்துவிட்டால், உடனே நல்ல நீரில் நெடுநேரம் கழுவிவிட்டு, டின்னின் மேலுள்ள பெயர்ச்சீட்டைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு கிளினிக்குக்குச் செல்லுங்கள். எந்த நஞ்சு என்று தெரிந்தால் மருத்துவர் விரைந்து செயல்பட முடியும்.

இரண்டாவதாக, வலியை விளக்கிச் சொல்ல வேண்டும். நம் தமிழில் வலிக்கு எத்தனை சொற்கள்! குத்துகின்றது, குடைகின்றது, இழுக்கின்றது, எரிகின்றது, அழுத்துகின்றது, கடுக்கின்றது, மரத்துப்போகின்றது என்று வீட்டில் எவ்வளவு நுட்பமாகச் சொல்கின்றோம்! கிளினிக்குக்குள் நுழைந்ததும் இத்தனையும் ‘சாக்கிட்’ என்ற ஒரே மலாய்ச் சொல்லாகச் சுருங்கிவிடுகின்றது. உண்டபின் நெஞ்சு எரிவது ஒன்று. நடக்கும்போது பாறாங்கல்லை வைத்தாற்போல் நெஞ்சை அழுத்தி, இடக்கைக்கும் தாடைக்கும் பரவி, வியர்த்துக் கொட்டுவது மற்றொன்று. இரண்டையும் ‘சாக்கிட் டாடா’ என்றே சொன்னால் மருத்துவர் எவ்வாறு பிரித்தறிவார்? பின்னது மாரடைப்பின் அறிகுறியாக இருக்கக்கூடும். அப்போது வரிசையில் எண் எடுத்துக் காத்திருக்கலாகாது. முகப்பில் உள்ளவரிடம் உடனே சொல்ல வேண்டும். வீட்டிலிருந்தால் 999-ஐ அழைக்க வேண்டும்.

எரிச்சலுக்கு ‘பெடிஹ்’, மரத்துப்போவதற்கு ‘கெபாஸ்’, தலைச்சுற்றலுக்கு ‘பெனிங்’, மூச்சுத் திணறலுக்கு ‘செசாக் நாஃபாஸ்’ ஆகிய சொற்களை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். சொல் வரவில்லையெனில் கையை வைத்துக் காட்டுங்கள். எப்போது தொடங்கியது, எதனால் கூடுகின்றது, எதனால் குறைகின்றது என்ற மூன்றையும் சொல்லுங்கள். தமிழ் தெரிந்த தாதியர் அங்கிருந்தால், அவரை உதவிக்கு அழைக்குமாறு கேட்பதில் எவ்விதக் குறைவும் இல்லை.

மூன்றாவதாக, ஊசியைப் பற்றி ஒரு சொல். ஊசி போட்டால்தான் மருத்துவம் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிக் கிடக்கின்றது. சளி, தடுமல் போன்றவை பெரும்பாலும் நுண்ணுயிர் வகையான ‘வைரஸ்’ கிருமிகளால் வருபவை. அவற்றுக்கு ஊசியும் பயன்படாது; கிருமிக்கொல்லி மாத்திரையும் பயன்படாது. வேண்டாத இடத்தில் கிருமிக்கொல்லியை உட்கொண்டு பழகினால், வேண்டிய வேளையில் அது வேலை செய்யாமற் போகும். ஆகவே ஊசி போடாமல் அனுப்பும் மருத்துவர் நம்மை அலட்சியப்படுத்துகின்றார் என்று கொள்ளாதீர்கள். “இந்நோய் எத்தனை நாளில் குறையும்? எந்த அறிகுறி கண்டால் நான் திரும்ப வர வேண்டும்?” என்று கேளுங்கள். ஊசியைவிட இவ்விரு வினாக்களுக்கான விடைகள் நமக்குப் பெரிதும் உதவும்.

இனி என் சொந்த வாழ்வில் நேர்ந்ததைச் சொல்கின்றேன். இதனைக் கூட்டங்களில் கூறுவது எனக்கு எளிதன்று.

என் தாயார் பால்மரம் வெட்டி என்னை வளர்த்தவர். 2004-ஆம் ஆண்டில் நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்றுகொண்டிருந்தேன். அவ்வாண்டில் அவருக்கு இரத்த அழுத்தம் இருப்பதைக் கண்டறிந்த மருத்துவர், நாள்தோறும் காலையில் விழுங்குமாறு ஒரு மாத்திரை கொடுத்தார். உடலில் மிகுந்துள்ள உப்பையும் நீரையும் சிறுநீர் வழியாக வெளியேற்றி, அழுத்தத்தைக் குறைக்கும் வகையைச் சேர்ந்தது அம்மாத்திரை. மரம் வெட்டும் பெண்ணுக்கு அதனால் நேரும் சங்கடத்தைத் தாய்மார்கள் இந்நேரம் உணர்ந்திருப்பீர்கள். காட்டுக்குள் கழிப்பறை ஏது? ஒரு காலைப் பொழுதில் மூன்று முறை, நான்கு முறை ஒதுங்க வேண்டியதாயிற்று. நிரை பின்தங்கியது. மண்டோர் கேட்டால் என்னவென்று சொல்வது? வெட்கப்பட்டுக்கொண்டு, வேலைநாள்களில் மாத்திரை விழுங்குவதையே விட்டுவிட்டார். விடுமுறைக்கு வீடு வந்த நான், அடுப்படி அலமாரியில் இருந்த மைலோ டின்னுக்குள் பிரிக்கப்படாத மாத்திரை அட்டைகளைக் கண்டேன். கேட்டபோதுதான் காரணத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

மறுநாள் கிளினிக்குக்கு நானே உடன் சென்றேன். மொழிபெயர்ப்பவனும் நானே. மருத்துவர் அழுத்தத்தை அளந்து பார்த்துவிட்டு, “மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகின்றாரா?” என்று வினவினார். அம்மா என் முகத்தைப் பார்த்து, “ஒழுங்கா சாப்பிடுறேன்னு சொல்லுப்பா” என்றார். நானும் அவ்வாறே மலாயில் சொன்னேன். பெற்ற தாயை அந்நியர் முன்னிலையில் தலைகுனிய வைக்கலாகாது என்று எண்ணினேன். மருத்துவர் எங்களை நம்பினார். ஒரு மாத்திரை போதவில்லை போலும் என்று கருதி, இன்னொன்றையும் சேர்த்து எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அதுவும் மைலோ டின்னுக்குள் சென்றது.

நான்கு மாதங்கள் கழிந்தன. ஒரு விடியற்காலையில், பெரட்டுக்குப் புறப்பட்டவர் வாசற்படியிலேயே சாய்ந்துவிட்டார். வாய் ஒருபுறம் கோணியது, பேச்சுக் குழறியது, வலக்கையும் வலக்காலும் செயலிழந்தன. உயிர் பிழைத்தார், ஆனால் அதன்பின் அவர் கத்தி பிடிக்கவே இல்லை. சில ஆண்டுகள் பிறர் கையை எதிர்பார்த்தே வாழ்ந்து மறைந்தார்.

அவர் மருத்துவமனையில் இருந்தபோது நான் அந்தக் கிளினிக் மருத்துவரைக் கண்டு, நடந்ததை முழுவதும் சொன்னேன். அவர் சினங்கொள்ளவில்லை. சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, “அன்றைக்கே சொல்லியிருந்தால், வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபிறகு சாப்பிடச் சொல்லியிருப்பேன், இல்லையென்றால் வேறு மருந்து கொடுத்திருப்பேன்” என்றார். அவ்வளவு எளிய தீர்வு அது! கேட்பதற்கு ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. அந்த வாக்கியத்தைச் சொல்லும் மொழி எனக்குத் தெரிந்திருந்தது. டின்னுக்குள் இருந்ததும் தெரிந்திருந்தது. இருந்தும் நான் சொல்லவில்லை. வள்ளுவர் குறிப்பிட்ட நான்காமவன் அன்று நான்தான். என் கடமையில் நான் தவறினேன்.

ஆகவே, பெற்றோரைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். உண்மையைச் சொல்வது அவர்களைக் காட்டிக்கொடுப்பதாகாது. முன்னதாக வீட்டிலேயே அவர்களிடம் பேசுங்கள். “அம்மா, மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டரிடம் சொல்லலாமா?” என்று மரியாதையுடன் கேட்டு, அவர்களின் இசைவோடு சொல்லுங்கள். நோயாளியின் இரகசியத்தைக் காப்பது மருத்துவரின் கடமை என்பதையும் எடுத்துச் சொல்லி, அவர்களுடைய கூச்சத்தைப் போக்குங்கள்.

இரத்த அழுத்தமும் நீரிழிவும் நம் சமூகத்தை எவ்வளவு பீடித்திருக்கின்றன என்பதை நீங்கள் அறிவீர்கள். 2023-ஆம் ஆண்டில் நாடு தழுவிய சுகாதார ஆய்வில், பெரியவர்களுள் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவும், 29.2 விழுக்காட்டினருக்கு இரத்த அழுத்தமும் இருப்பது தெரியவந்தது. அதாவது ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு. பத்துப் பேரில் மூவருக்கு இரத்த அழுத்தம். நீரிழிவில் மற்ற இனத்தவரைவிட இந்தியர்களின் விழுக்காடே மிகுதி. இந்நோய்களுக்கு வலி இல்லை. வலியில்லாமையால் நோயில்லை என்று எண்ணி மாத்திரையை நிறுத்திவிடுகின்றோம். மாத்திரை சாப்பிடுவதனால்தான் அளவு சீராக இருக்கின்றது என்பதை மறந்துவிடுகின்றோம்.

இன்னொன்று. மரம் வெட்டுபவர்களில் பலர் காலையில் கறுப்புக் காப்பி மட்டும் அருந்திவிட்டு வேலைக்குச் செல்கின்றனர். நீரிழிவு மாத்திரைகளுள் சில, வெறும் வயிற்றோடு உழைக்கும்போது இரத்தத்திலுள்ள சர்க்கரையை மிகவும் தாழ்த்திவிடும். கை நடுங்கும், வியர்க்கும், கண் இருளும். ஆகையால், “நான் இத்தனை மணிக்கு வேலை தொடங்குகின்றேன், இத்தனை மணிக்குத்தான் உண்கின்றேன்” என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கி விழுங்கும் மாத்திரையையும், வீட்டில் காய்ச்சிக் குடிக்கும் கஷாயத்தையும், வேறு கிளினிக்கில் வாங்கிய மருந்தையும் மறைக்காதீர்கள். வலி மாத்திரைகளுள் சில, நாட்பட உட்கொண்டால் சிறுநீரகத்தைப் பழுதாக்கும்.

“இவையெல்லாம் சரி ஐயா, கிளினிக்குக்குப் போனால் அன்றைய கூலி போய்விடுமே” என்று சிலர் எண்ணலாம். தீபகற்ப மலேசியாவில் நடப்பிலுள்ள 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, தொழிலாளிக்குச் சம்பளத்துடன் கூடிய மருத்துவ விடுப்பு உண்டு. இரண்டு ஆண்டுகளுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள்கள். இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் 18 நாள்கள். ஐந்தாண்டும் அதற்கு மேலும் எனில் 22 நாள்கள். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற நேர்ந்தால் 60 நாள்கள் வரை உண்டு. 2023 ஜனவரி முதல் நாள் தொட்டு இந்த 60 நாள்கள் தனிக் கணக்காகும். ஆனால் ஒன்றை மறவாதீர்கள். விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கத் தவறினால், மருத்துவரின் சீட்டு கையிலிருந்தாலும் அனுமதியின்றி வராதவராகவே கருதப்படுவீர்கள். நோயில்லாமல் ‘எம்.சி.’ கேட்டு மருத்துவரைத் தொந்தரவு செய்வதும் தகாது. உண்மையாக நோயுற்ற நம் தோழனின் சொல்லை அது மதிப்பிழக்கச் செய்துவிடும்.

நோய் வருமுன்பே சோதித்துக்கொள்ளவும் வழியுண்டு. 2019-இல் தொடங்கப்பட்ட ‘பெக்கா பி40’ திட்டத்தின்கீழ், அரசாங்கத்தின் ரஹ்மா உதவித்தொகை பெறுவோரும் அவர்களின் துணைவரும் 40 வயதை எட்டியிருந்தால் இலவசமாக உடற்பரிசோதனை செய்துகொள்ளலாம். தனியார் கிளினிக்குக்குச் செல்வோர், மருந்தின் விலையைக் கேட்டறியத் தயங்க வேண்டாம். 2025 மே முதல் நாளிலிருந்து தனியார் கிளினிக்குகள் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்பது விதியாகியுள்ளது.

நிறைவாக, அடுத்த முறை கிளினிக்குக்குப் புறப்படும் முன் நீங்கள் செய்ய வேண்டியவற்றைத் தொகுத்துச் சொல்கின்றேன். வீட்டிலுள்ள மருந்துகள் அனைத்தையும், சாப்பிடாமல் விட்ட மாத்திரைகளையும் சேர்த்தே, ஒரு பையிலிட்டு எடுத்துச் செல்லுங்கள். சிகிச்சைப் புத்தகத்தை மறவாதீர்கள்; மருத்துவர் மாறினாலும் அப்புத்தகம் மாறாது. கேட்க வேண்டியவற்றுள் முக்கியமானதை முதலில் கேளுங்கள். கதவுப்பிடியில் கை வைத்தபிறகு, “டாக்டர், இன்னொன்று” என்று தொடங்காதீர்கள். மருந்தை எப்படிச் சாப்பிட வேண்டும் என்பதை நீங்களே ஒருமுறை திருப்பிச் சொல்லி, சரிதானா என்று கேட்டுவிட்டு எழுந்திருங்கள்.

இன்றிரவு வீட்டுக்குச் சென்றதும், உங்கள் அடுப்படி அலமாரியில் இருக்கும் டின்னைத் திறந்து பாருங்கள். அதில் விழுங்காத மாத்திரைகள் இருந்தால், யாரையும் கடிந்துகொள்ளாதீர்கள். ஏன் என்று கேளுங்கள். அந்தக் காரணத்தை அப்படியே கொண்டுபோய் மருத்துவரிடம் சொல்லுங்கள். என் தாயாருக்கு நான் செய்யத் தவறியதை உங்களில் ஒருவர் தம் தாயாருக்குச் செய்தாலும், நான் இன்று இங்கு வந்ததன் பயனைப் பெற்றவனாவேன்.